சென்றாயன், த/பெ லேட் திம்மராயன்

அந்தப் பெயரை வைத்தது நான்தான்.
கிருஷ்ணகிரி, மாவட்டக் காவல் அலுவலகம்,
ஓடாத மின்விசிறிக்குக் கீழே இரண்டாவது மேசை.
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது:
பணிக்கான மாற்றுப் பெயர்.
"இந்தப் பக்கத்துப் பேரா போடுங்கம்மா" என்றார் ஆய்வாளர்,
"சந்தையில கூப்பிட்டா ரெண்டு பேராவது திரும்பணும்."

சென்றாயன் என்று அடித்தேன்.
தகப்பன் பெயர் கேட்டது அடுத்த கட்டம்.
திம்மராயன்.
உயிரோடிருந்தால் யாராவது விசாரிக்கப் போவார்கள் என்று
முன்னால் ஒரு லேட் சேர்த்தேன்.
பிறக்காத மனிதரைக் கொல்ல
இரண்டெழுத்து போதுமாயிருந்தது.

நிபந்தனைகள் பதினொன்று.
இந்தப் பெயரில் கடன் வாங்கக் கூடாது.
ஓட்டுப் போடக் கூடாது. தாலி கட்டக் கூடாது.
குற்றத்தைப் பார்க்கலாம், தூண்டக் கூடாது.
தொண்ணூறு நாள்; தேவைப்பட்டால் இன்னொரு தொண்ணூறு.
முடிந்ததும் பெயரை ஒப்படைக்க வேண்டும்,
குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைப்பதுபோல.

மேலே போய்ப் பச்சை மையோடு திரும்பியது.
அன்று மாங்கூழ் ஆலைப் பக்கமிருந்து காற்று.
சீல் வைத்த உறைக்குள்ளும்
கொஞ்சம் புளிப்பு போயிருக்கும்.

ஜெகதேவி தாண்டி ஒரு குவாரி.
ஜெலட்டின் குச்சி ஏட்டில் ஓர் எண்ணிக்கை, கிடங்கில் ஓர் எண்ணிக்கை.
நடுவில் தொலைந்தது எங்கே போகிறதென்று
பார்க்கப் போனான் சென்றாயன்.
நூற்று நாற்பத்தாறாம் நாள் பார்த்துவிட்டான்.
ஏழு பேர் கைது, இரண்டு லாரி, பேப்பரில் படம்.
படத்தில் அவன் இல்லை.
ரத்து ஆணையையும் நானே அடித்தேன்.
நான்கு வரி.

பிறகு ஒரு திங்கட்கிழமை, குறைதீர் நாள் கட்டில்
கோடு போட்ட தாளொன்று வந்தது.
யாரோ எழுதித் தந்த கையெழுத்து,
அடியில் கைநாட்டு: குப்பம்மாள், க/பெ மாதையன்.

"எங்ககூட கல்லு வேலை செஞ்ச சென்றாயனை
போலீசு வந்த நாளிலிருந்து காணலை.
காட்டிக் குடுத்தான்னு அடிச்சுப்
பழைய பள்ளத்துத் தண்ணியில போட்டிருப்பாங்களோன்னு பயம்.
இறைச்சுப் பாக்கணும்.
அவனுக்குக் கேக்க ஆளில்லை. அதான் நான் கேக்கறேன்."

அடையாளங்களும் சொல்லியிருந்தாள்.
கறிவேப்பிலையைப் பொறுக்கித்
தட்டோரம் வரிசையாக வைப்பானாம்.
காய்ச்சல் கண்டால் கன்னடத்தில் உளறுவானாம்.
இதெல்லாம் எங்கள் ஆணையில் இல்லை.
மகள் கலியாணத்துக்கு ஐநூற்றொன்று எழுதினானாம்,
நோட்டில் இருக்கிறதாம், திருப்பிச் செய்யணுமாம்.

பதினொரு நிபந்தனையையும் மறுபடி படித்தேன்.
மொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அப்படி யாரும் இல்லைன்னு எழுதி முடிங்க" என்றார் ஆய்வாளர்.
உண்மைதான். சட்டப்படியும் உண்மை.
ஆனால் 'இல்லை' என்றால்
அவள் அதைப் பள்ளம் என்றுதான் கேட்பாள்.
இருக்கிறான் என்றெழுத
எனக்கு அதிகாரமில்லை; எழுதினால்
இருக்கிறவன் இல்லாமற் போகலாம்.

ஸ்டேஷனிலிருந்து படிவம் நிரம்பி வந்தது.
காணாமற்போனவருக்கு மனுதாரர் என்ன உறவு?
எழுத்தர் கேட்டபடியே எழுதியிருந்தார்:
மொய்.

மூன்றாம் நாள் ஒரு குறிப்பு வைத்தேன்.
'மனுதாரர் கோரியபடி பள்ளத்தை இறைத்துப் பார்க்கலாம்.'
மேலே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
பர்கூரிலிருந்து மோட்டார் போனது.
இரண்டு பகல், ஒரு ராத்திரி ஓடியது.
வீண் செலவென்று தெரிந்தே
டீசல் பில்லைச் சரிபார்த்தேன்.

அடியில் கிடைத்தவை: ரப்பர் செருப்பு ஒற்றை,
துருப்பிடித்த உளி, முழங்கால் சேறு.

குப்பம்மாள் விளிம்பில் குந்தி
வெகுநேரம் எட்டிப் பார்த்தாளாம்.
அப்புறம் எழுந்து சேலையை உதறி,
"அப்ப எங்கியோ சோறு தின்னுட்டுதான் இருக்கறான்"
என்றாளாம்.